செங்கம்மாள் கேட்ட வலி

செங்கம்மாளின் கையில் ஓர் ஓட்டுச் சில்லு. மடியில் ஒரு கால். அரை மணி நேரம் மண்சட்டித் தண்ணீரில் ஊறிய கால் அது. குதிகாலிலும் பெருவிரல் மேட்டிலும் இருந்த காய்ப்பு, அவள் தேய்க்கத் தேய்க்க தேங்காய்த் துருவல் போல வெள்ளையாக உதிர்ந்தது. மீனுக்குச் செதில் எடுக்கிற அதே வேகம்தான். ஆனால் பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். எங்காவது சூடு இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று அவள் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலுக்கு உடையவனைக் கேட்டுப் பயனில்லை. அந்தக் காலில் அவனுக்கு உணர்ச்சி கிடையாது.

பின்னாளில் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியிருந்த எத்தனையோ குப்பங்களிலிருந்து இந்தக் கையைத் தேடி ஆட்கள் வந்தார்கள். 1968 பங்குனியில் அது ஊரில் ஒரே ஒருவன் காலைத்தான் அறிந்திருந்தது. அவன் அவள் புருஷன் குப்பன்.

“பச்சையப்பன் இன்னா கேப்பாருன்னு நெனைக்கிற?” என்று குப்பன் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

“கேக்கறப்ப தெரியும். காலை ஆட்டாத.”

அன்று சாயங்காலம் நடுத்திட்டுக்குப்பத்தில் ஊர் கூடுகிறது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவு செய்வது அங்கே வழக்கம். கிடைக்கிற இடத்துக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. சீட்டு இல்லாதவன் ஏரியைக் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த ஆண்டு குப்பன் பெயரைப் பானையில் போடுவதா வேண்டாமா என்பதே பேச்சு. ஊர்ப் பெரியதனம் பச்சையப்பன், கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் குப்பன் காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் முந்தைய ஆண்டு வைகாசியில் தொடங்கியது. துளசிராமன் என்பவர் தம் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்தார். பெருநோய் என்கிற தொழுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்து மாத்திரை கொடுக்கிற உத்தியோகம். இருபத்தைந்து வயதிருக்கும். கால்சட்டை ஓரத்தில் சைக்கிள் கிளிப், முகத்தில் எப்போதும் அரைக் கோபம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, கரையில் கிடந்த பறவை இறகு ஒன்றால் உடம்பில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். ஊருக்கு அது விளையாட்டாக இருந்தது. கூச்சத்தில் நெளிந்தவர்களைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள்.

குப்பன் முறை வந்தது. தோள், முதுகு, வலது கால் எல்லாம் சரியாகக் காட்டினான். இடது கெண்டைக்காலில் தேமல் போல ஒரு வெளிறல் இருந்தது. அங்கே இறகு பட்டபோது அவன் சும்மா நின்றான். மறுபடி பட்டது. மறுபடியும் சும்மா நின்றான். இறகு உள்ளங்காலுக்குப் போனது. யாரோ, “இன்னா குப்பா, தூங்கிட்டியா?” என்றார்கள். ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டிருந்த குப்பன் மட்டும்தான்.

இது ஒட்டுகிற வகை இல்லை என்று துளசிராமன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தினம் ஒரு மாத்திரை, சில வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும், காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார். ஊர் நோயின் பெயரோடு காதை மூடிக்கொண்டது. மறுநாள் வலைக்கயிறு இழுக்கிற வரிசையில் குப்பனுக்கு இரு பக்கமும் ஒரு கை தூரம் இடம் விழுந்தது. பன்னிரண்டு வருஷமாக அவனுக்குப் பக்கத்தில் நின்ற பூவராகவன், தனக்குக் குப்பன் மேல் ஒரு விரோதமும் இல்லை, ஆனால் தனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சத்தமாகச் சொன்னார். நகராமல் நின்றவன் செங்கம்மாளின் தம்பி முனுசாமி ஒருவன்தான்.

செங்கம்மாளுக்கு அப்போது முப்பது வயது. தகப்பன் கடலோடு போனபின் பத்து வயதில் கூடை தூக்கியவள். இரண்டு பெண் குழந்தைகள். எழுத்து தெரியாது, எடை தெரியும். அவளுக்கு வைத்தியர் என்றால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். சின்ன வயதில் கண்நோய் வந்தபோது அவள் அம்மா அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தாள்; வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. கண் சரியாயிற்று. அதற்கு மேல் அவள் எந்தச் சாட்சியும் கேட்டதில்லை.

ஆகவே மூன்று அமாவாசை என்று வேண்டிக்கொண்டாள். ஊரும் அதுதான் சரி என்றது. இதுவரை தப்பில்லை. தப்பு அடுத்ததில்தான். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் புளிப்பானைக்குள் வைத்து மூடினாள்.

“சார் தினம் ஒண்ணு துன்னச் சொன்னாரே,” என்றான் குப்பன்.

ஒரே வழக்கை ரெண்டு கோர்ட்டில் போடுவார்களா என்று அவள் கேட்டாள். பெருமாளிடம் ஒப்படைத்துவிட்டு மாத்திரையும் தின்றால், யாரை நம்பி வந்தாய் என்று அவர் கேட்க மாட்டாரா? துளசிராமன் வந்து கேட்டபோதெல்லாம் தினமும் சாப்பிடுகிறான் என்று அவள் கூசாமல் சொன்னாள். அது அவளுக்குப் பொய்யாகவே படவில்லை. பெருமாளுக்கு உண்மையாக இருப்பதற்காக மனுஷனிடம் ஒன்று சொன்னாள்.

ஆடி அமாவாசைக்குப் போனார்கள். ஆவணிக்கும் போனார்கள். குழந்தைகளை முனுசாமி பெண்சாதியிடம் விட்டுவிட்டு, படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, செங்குன்றம், திருவள்ளூர். முதல் நாளே போய்க் குளத்துப் படியில் படுத்திருந்து, விடிந்ததும் முழுகி, வெல்லம் கரைத்து, பெருமாளைச் சேவித்துத் திரும்புவது. இரண்டு முறையும் குப்பன் சந்தோஷமாக இருந்தான். அவனுக்கு எந்த உபாதையும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் அவன் நோய் என்பது அவளுக்குப் புரியவில்லை.

மூன்றாவது, புரட்டாசி மகாளய அமாவாசை. குளத்தைச் சுற்றித் தலையாகத் தெரிந்தது. குப்பன் முழங்காலளவு தண்ணீரில் நின்று, உள்ளங்கையில் வெல்லக்கட்டியை வைத்துப் பிசைந்து கரைத்தான். செங்கம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மூன்றும் முடிந்தது. தரிசனம் முடித்து வெளியே வந்ததும் அவன் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே முன்னால் நடந்தான். கூட்டத்தில் இடிபடாமல் அவள் நாலடி பின்னால் வந்தாள்.

தெருக்கல்லில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குங்குமம் கொட்டியிருக்கிறது என்று நினைத்தாள். ஓர் அடி தள்ளி மறுபடியும். அதற்கு ஓர் அடி தள்ளி மறுபடியும். எல்லாம் ஒரே காலின் அச்சு, இடது கால். அவள் தலையைத் தூக்கி அந்த அச்சு எங்கே போகிறது என்று பார்த்தாள். சுண்டல் தின்றுகொண்டு, யாரோ ஒரு பம்பரக்காரனை வேடிக்கை பார்த்துக்கொண்டு, குப்பன் அந்த அச்சை வைத்துக்கொண்டே போனான்.

அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து ஒரு கடைப் படியில் உட்கார வைத்தாள்.

“இன்னாமே? எதுக்கு அழுவற?”

“யாரு அழுவறா. காலைக் குடு.”

உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு கண்ணாடித் துண்டு. குளத்துப் படியில் ஏறியிருக்க வேண்டும். முக்கால் விரல் நீளம். அவள் பிடுங்கி எடுத்தாள். அவன் அடுத்த சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். பிறகு, “இத்தினியூண்டு கூட எனக்குத் தெரியலியே,” என்றான். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு அவள் கோபுரத்தைப் பார்த்தாள். சுற்றிலும் ஆயிரம் பேர். தலைவலி போகட்டும், வயிற்றுவலி போகட்டும், மூட்டுவலி போகட்டும் என்று கேட்டு வந்தவர்கள். இவள் ஒருத்தி மட்டும், என் புருஷனுக்கு வலியைக் கொடு என்று கேட்டாள். கேட்டதும் அவளுக்கே அது விநோதமாக இருந்தது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று சரியாகத் தெரிந்து அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

பெருமாள் அதைக் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கி, ஜுரம் கண்டது. துளசிராமன் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு இப்படி வெளிறல் பரவியிருக்காதே என்றார். செங்கம்மாள் எழுந்து போய்ப் புளிப்பானையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் உள்ளே பார்த்தார். நாலு மாதத்து மாத்திரை, பொட்டலம் பிரிக்காமல்.

அவர் கத்தவில்லை. சைக்கிள் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, “ஏம்மா, மாத்திரை சாப்பிடாதேன்னு உங்க பெருமாள் சொன்னாரா?” என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். நேர்மையாக யோசித்தாள்.

“இல்ல சார். அவரு ஒண்ணும் சொல்லல. அவரு பேருல நானே சொல்லிக்கினேன்.”

இதுதான் செங்கம்மாள் வாழ்க்கையில் கற்ற பாடம். இதற்கு அவள் கொடுத்த விலை குப்பனின் இடது கால் சுண்டுவிரல். சென்னைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். ஆறு வாரம் அங்கே இருந்தார்கள். செங்கம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்காரவில்லை. நர்ஸ் கட்டுப் போடும்போது கையைப் பார்த்தாள். இரண்டாவது வாரம் தானே துணியைக் கொதிக்க வைத்தாள். மூன்றாவது வாரம் பக்கத்துக் கட்டில்காரர்களின் காலையும் ஊற வைத்துத் தேய்த்தாள். பார், கழுவு, ஊற வை, தேய், எண்ணெய் தடவு, மறுபடி பார். அவனுக்கு வலிக்காததை இவள் கண்ணால் பிடிக்க வேண்டும். பெருமாளிடம் கேட்டது இந்த வழியாகத்தான் கிடைத்தது போலும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு சட்டியைக் கழுவி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபின் புதிதாக ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் விளக்கேற்றியதும் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு மாத்திரையை வைப்பாள். கும்பிட்டு எடுத்துக் குப்பன் கையில் கொடுப்பாள். அவனும் பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவான். துளசிராமன் ஒருமுறை அதைப் பார்த்தார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார், அவ்வளவுதான்.

அடுத்தது செருப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தை வைத்த செருப்பு தெருவுக்குத்தான் ஆகும்; ஏரிச் சேற்றில் முதல் அடியிலேயே கழன்று போகும். ஏரியில் இறங்காமல் குப்பன் என்ன செய்வான்? செங்கம்மாள் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரி ஷேக் தாவூத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி குல்சும் அவளுக்கு நெடுநாள் வாடிக்கை. தையல் மெஷின் வைத்திருந்தாள். லாரி டயரிலிருந்து வெட்டிய அடிப்பாகம், அதன் மேல் ஆஸ்பத்திரி மெத்தை, மேலே பாய்மரத் துணி, கணுக்காலுக்கு மேல் கயிறு என்று செங்கம்மாள் தரையில் கரிக்கட்டியால் வரைந்து காட்டினாள்.

“செருப்பா இது? சின்னப் படகு மாதிரி கீது,” என்றாள் குல்சும்.

“மொதக்கட்டும். முழுவாம இருந்தா போதும் பாயம்மா.”

டயரில் மெஷின் ஊசி இரண்டு முறிந்தது. மூன்றாவதை எடுக்காமல் குல்சும் கோணி ஊசியைத் தேடி எடுத்து வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் குத்தித் தைத்தார்கள். ஊசி செங்கம்மாளின் விரலில் ஏறியபோது குல்சும் சிரித்துவிட்டாள். “தென்னை மரத்துல தேள் கொட்டுனா பனை மரத்துல நெறி கட்டும்பாங்க. உங்க ஊட்டுல காலு அந்தாளுது, குத்துறது உனக்கு,” என்றாள். செங்கம்மாளும் விரலைச் சூப்பிக்கொண்டே சிரித்தாள். தை மாதம் முடிவதற்குள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு குப்பன் ஏரியில் இறங்கிப் பார்த்தான். நின்றது. கரையிலிருந்தவர்கள் அவனுக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பங்குனி வந்தது. பாடு போடுகிற நாளும் வந்தது. செங்கம்மாள் காலைத் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் போக்கி, நல்லெண்ணெய் தடவிவிட்டு, எழுந்திரு என்றாள்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பானை. அதற்குள் ஓலைத் துண்டுகள். காய்கிற வலைகளுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. மற்ற தலைக்கட்டுகளின் பெயர்களைப் படித்து முடித்தபின் பச்சையப்பன் தொண்டையைச் செருமினார்.

“குப்பா, ஊரே சேந்து போய்ட்டு வாடான்னு அனுப்பிச்சோம். மூணு அமாவாசையும் முடிச்சிட்ட. தீந்துச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

சுலபமான கேள்வி போலத்தான் இருந்தது. தீர்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெருமாளைச் சந்தேகிக்க அங்கே ஆளில்லை. பெயர் பானைக்குள் போய்விடும். ஆனால் தீர்ந்தவன் நாளை முதல் மாத்திரை தின்ன முடியாது. செருப்புப் போட்டு ஏரியில் இறங்க முடியாது. காலை ஊற வைக்க முடியாது. யாராவது பார்த்துவிடுவார்கள். ஒரு வருஷம் பாடு கிடைக்கும், அடுத்த வருஷம் கால் இருக்காது. தீரவில்லை என்று சொன்னாலோ, பெருமாளே கைவிட்டவன் என்று ஊர் அவனைக் கைவிடும்.

குப்பனின் கண் வலைக்குப் பின்னால் போனது.

“தீரல, பெரியவரே,” என்றாள் செங்கம்மாள். “தீந்துகினு கீது.”

எல்லாத் தலையும் திரும்பியது. பூவராகவன்தான் முதலில் பேசினார். “அது இன்னா, பாதி வெந்த சோறா?”

“ஆமா மாமா. பாதி வெந்துகீது. நடுவுல அடுப்பை அணைச்சா அப்படியே நின்னுடும். நான் ஒரு தபா அணைச்சேன். ஒரு விரல் போச்சி.”

பிறகு அவள் ஒளிக்காமல் சொன்னாள். மாத்திரையைப் புளிப்பானையில் போட்டதையும், பெருமாள் பெயரில் தானே உத்தரவு போட்டுக்கொண்டதையும், தெருக்கல்லில் பார்த்த அச்சையும். குறை பெருமாளிடம் இல்லை, வெல்லம் கரைத்த கையிலும் இல்லை, மூடி வைத்த கையில்தான் என்றாள். பச்சையப்பன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

பூவராகவன் விடவில்லை. தண்ணீரில் பக்கத்தில் நிற்பது தான்தான் என்றார். அவன் புண் பட்ட தண்ணீர் தன் காலில் படுகிறதே என்றார். அவர் பேசியதில் கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான் இருந்தது. செங்கம்மாளுக்கு அது தெரிந்தது. ஆகவே அவள் கோபப்படாமல், ஒரு சொம்புத் தண்ணீருடன் ஆண்களின் வட்டத்துக்குள் நடந்து போனாள். குப்பனின் இடது காலைத் தூக்கிக் கழுவி, உள்ளங்காலைச் சூரியன் பக்கம் திருப்பினாள். நாலு விரல், ஒரு தழும்பு, நல்ல தோல். “புண்ணு எங்க கீது, காட்டு மாமா,” என்றாள். வயசானவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

“இப்ப உன் காலைக் காட்டு.”

நாலு நாளாகவே பூவராகவன் குதிகாலை ஊன்றாமல் நடந்ததை அவள் பார்த்திருந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள், “காட்டேன்யா, பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க,” என்று பிடித்து நீட்டினார்கள். குதிகாலுக்கு மேலே எலுமிச்சை அளவு வீக்கம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கெளுத்தி மீன் முள். அவள் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். பூவராகவன் போட்ட சத்தத்தில் வலைமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“வலிக்குதா? அவனுக்கு வலிக்காது. உனக்கும் அவனுக்கும் அவ்ளோதான் வித்தியாசம் மாமா.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பச்சையப்பன் பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் குனிந்து பேசினார். பிறகு எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார். குப்பன் தலைக்கட்டு இருக்கும். ஆனால் பானையில் பெயர் போடுவதில்லை. யார் பக்கத்தில் அவன் விழுவானோ என்று மற்றவர்கள் பயப்பட வேண்டாம். சீட்டில்லாமலே அவனுக்குச் சிப்பித்திட்டு. கூட நிற்க யாருக்கு இஷ்டமோ அவர்கள் நிற்கலாம். அடுத்த பங்குனியில் மறுபடி பார்க்கலாம்.

“நான் நிக்கறேன்,” என்றான் முனுசாமி. அதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சிப்பித்திட்டில் இறால் உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடியெல்லாம் கத்தி போலச் சிப்பி. அந்தப் பாடு விழுந்தவன் அந்த வருஷம் முழுக்கக் காலைக் கிழித்துக்கொண்டு, பாதி நாள் இறங்காமலே இருந்துவிடுவான்.

வீட்டுக்குத் திரும்பும்போது குப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். உணர்ச்சி இல்லாத காலுக்கு ஊர் பார்த்துக் கொடுத்த இடத்தைப் பார் என்றான். செங்கம்மாள் முன்னால் நடந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் நின்றான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஊர்ல செருப்பு போட்டுகினு ஏரியில எறங்கறவன் எத்தினி பேரு?”

குப்பனுக்கு அது உள்ளே போகக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. போனதும் அவனும் சிரித்தான். முனுசாமிக்கும் ஒரு ஜோடி வேண்டும், குல்சுமிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் வழியிலேயே முடிவு செய்தாள். ஊசியையும் கோணி நூலையும் இந்தத் தடவை தானே வாங்கிப் போவது என்றும் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் மீன் குழம்பு. குழந்தைகள் இரண்டு தடவை சோறு கேட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் செங்கம்மாள் விளக்கேற்றினாள். படத்துக்கு முன்னாலிருந்த மாத்திரையை எடுத்துக் குப்பனுக்குக் கொடுத்தாள். இரண்டு காலையும் வெளிச்சத்தில் திருப்பி, விரலிடுக்கு வரை பார்த்தாள். செருப்பைக் கவிழ்த்து உதறினாள். உள்ளேயிருந்து ஒரு பரல் விழுந்தது. அதை வெளியே எறிந்துவிட்டுக் கயிற்றைக் கட்டினாள். குப்பனும் முனுசாமியும் படகைத் தள்ளிக்கொண்டு சிப்பித்திட்டுப் பக்கம் போனார்கள். சாயங்காலம் வந்ததும் முதலில் காலைத்தான் காட்ட வேண்டும், மீனை அப்புறம் காட்டலாம் என்று அவள் கரையிலிருந்து சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்து மண்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பூவராகவன். கையில் ஒரு கம்பு, ஒரு கால் தரையில் படாமல். முனுசாமி இருக்கிறானா என்று கேட்க வந்ததாகச் சொன்னார். முனுசாமி ஏரிக்குப் போனதை அவர் வீட்டு வாசலிலிருந்தே பார்த்திருக்கலாம்.

அவள் சட்டியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். “உக்காரு மாமா.”

“ஊர்ல யாருகிட்டயும் சொல்லாதம்மா.”

“நீ நொண்டிகினு வந்தத ஊரே பாத்துகினு கீது. காலை உள்ள வை.”

வைத்தார். அது ஊறுகிற வரைக்கும் அவள் அரிசி களைந்தாள், குழந்தைகளுக்குத் தலை வாரினாள், அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் ஊசியைப் போட்டு எடுத்தாள். பிறகு அவர் காலைத் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது குப்பன் காலைவிடக் கனமாக இருந்தது. வீக்கத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“உயிர் போவுதும்மா.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டு அவள் ஊசியை எடுத்தாள்.